அரசுக்கடன் நாணய ஆய்வு: புதுச்சேரியில் ஒரு தொழிலின் வரலாறு

அரசுக்கடன் நாணய ஆய்வாவது, ஓர் இராஜ்யத்திற்கோ அரசாங்கத்திற்கோ கொடுக்கப்படும் கடன் வாயிதாப்படி திரும்பி வருமா என்பதை, அதன் வருவாய், செலவு, அயல்நாட்டு வாணிகம், பொக்கிஷ இருப்பு, ஆட்சியின் உறுதி, ஆள்வோரின் மனப்போக்கு ஆகியவற்றைக் கொண்டு முன்கூட்டியே மதிப்பிட்டுரைக்கும் தொழில். தனி மனிதன் கடனைத் திருப்பாவிடின் நியாயஸ்தலத்தில் வழக்காடி அவனுடைய வீட்டையும் நிலத்தையும் ஜப்தி செய்யலாம். அரசனே கொடுக்க மறுத்தால் அவனை எந்த நியாயஸ்தலத்திற்கு இழுப்பது என்ற வினாவிற்கு இன்றுவரை திருப்தியான விடை கிடைக்காமையால், கொடுப்பதற்கு முன் தீர விசாரிப்பதே கொடுப்பவனுக்கு உள்ள முதற் காப்பாகும். இவ்விசாரணை இரண்டு பொருளைப் பற்றியது: ஒன்று கொடுக்கும் சக்தி, மற்றொன்று கொடுக்கும் சித்தம். முன்னதைக் கணக்கேடுகளிலிருந்து ஓரளவு அறிந்துவிடலாம். பின்னதை அறிவதற்கே திறமை வேண்டும்.

இன்று இத்தொழில் நியூயார்க்கு, இலண்டன், மும்பை முதலிய நகரங்களுக்கு உரியதாகத் தோன்றினும், பதினெட்டாம் நூற்றாண்டில் கோரமண்டலக் கரையில், சிறப்பாகப் புதுச்சேரியில், அது பெயரில்லாத ஆனால் இன்றியமையாத உத்தியோகமாக நடைபெற்று வந்தது. இந்நகரின் பிரெஞ்சு வரலாற்றின் தொடக்கத்திலேயே அரசுக்கடன் விவகாரம் ஒன்று காணப்படுகிறது. பீஜப்பூர் சுல்தானின் பிரதிநிதியாக வாலிகொண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடியின் ஆதரவால் 1674இல் இங்கே நிலைகொண்ட பிரெஞ்சுக் கும்பினி அதிகாரி பிரான்சுவா மர்த்தேன், அவருக்குப் பணம் கடனாகக் கொடுத்து, அதற்கு ஈடாகப் புதுச்சேரியின் வருவாயைப் பெற்றார். 1677இல் சிவாஜியின் படை தென்னாட்டிற்குள் புகுந்து ஷேர்கானை வீழ்த்தியபோது கடன்பட்டவரின் ஆட்சியே இல்லாமற் போயிற்று. கடனாளியின் நேர்மையில் குறையில்லாதிருந்தும் கடன் ஆபத்துக்குள்ளாகலாம் என்னும் பாடத்தைக் கும்பினி முதன்முதலாகக் கற்றது அப்பொழுதுதான்.

சித்தத்தைப் பற்றிய பாடம் காரைக்காலில் கிடைத்தது. 1738இல் தஞ்சை மராத்திய அரசர் சாகுஜி, தம் சிம்மாசனத்தைக் காத்துக்கொள்ளப் பொருளும் ஆயுதமும் தேவைப்பட்ட வேளையில், அவ்வூரைப் பிரெஞ்சுக்காரருக்கு விற்பதாக உடன்பட்டு, நெருக்கடி நீங்கியதும் பின்வாங்கிவிட்டார். கவர்னர் துமா தாமே செய்ய இயலாததை ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் படை செய்து முடித்தமையால் 1739 பிப்ரவரியில் காரைக்கால் கைக்கு வந்தது. இடுக்கணிலிருக்கும் அரசன் கொடுக்கும் வாக்கிற்கும் இடுக்கண் தீர்ந்தபின் அவன் கொள்ளும் நினைவிற்கும் உள்ள தூரம், இன்று நிதி நிபுணர்கள் நெடிய சூத்திரங்களால் அளக்க முயலும் அதே தூரமே.

அத்தூரத்தை அளக்கும் பொறுப்பு யாருடையதாக இருந்தது? கவர்னர்கள் சில ஆண்டுகள் இருந்து கப்பலேறிச் செல்பவர்கள்; நாட்டு மொழியும் தர்பார் சம்பிரதாயமும் அறியாதவர்கள். ஆதலால் எந்த நவாபு எவ்வளவு பேஷ்கஷ் பாக்கி வைத்திருக்கிறார், எவருடைய பவுஞ்சுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுபடவில்லை, எந்தச் சவுக்காரின் உண்டியல் எங்கே செல்லுபடியாகும் என்பனவற்றையெல்லாம் அறிந்து சொல்லுவோர் மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷிகளே ஆயினர். இஃது உயர்ந்த உத்தியோகமாயினும் அபாயம் நிறைந்தது. தலைமைத் தரகராயிருந்த நைனியப்ப பிள்ளை 1716இல் குற்றஞ்சாட்டப்பெற்றுச் சிறைப்பட்டு, மறு ஆண்டே சிறையில் உயிர்நீத்தார். அவருக்கு இழைக்கப்பட்டது அநீதியென்று பின்னர்ப் பிரான்சே ஒப்புக்கொண்டது.

அவருடைய உறவினர் குடும்பத்தில், சென்னைக்கு அடுத்த பெரம்பூரில் 1709இல் பிறந்து, தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்த ஆனந்தரங்கப் பிள்ளையை இத்தொழிலின் முதற்பெரும் ஆசிரியர் என்று கூறுதல் மிகையாகாது. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் தாம் மறைவதற்குச் சில நாள் முன்வரை அவர் எழுதிவந்த தினப்படிச் சேதிக் குறிப்பைச் சரித்திர ஆசிரியர்கள் யுத்தங்களின் பொருட்டும், இலக்கிய அன்பர்கள் அதன் பேச்சுத் தமிழின் பொருட்டும் போற்றுவர். அரசுகளின் கடன் நாணயத்தைப் பற்றிய தொடர் குறிப்பேடாக அதைப் படித்தவர் குறைவு. எந்தக் கப்பல் எந்நாள் வந்தது, அதில் வெள்ளி எவ்வளவு இறங்கிற்று, ஆர்க்காட்டிலிருந்து வந்த கடிதத்தில் என்ன கண்டது, அதைக் கொண்டுவந்த அர்க்காரா வாய்மொழியாக வேறு என்ன சொன்னான் என்று நாள்தோறும் பதியும் அவர், எழுத்தில் வந்ததையும் வாயில் வந்ததையும் வேறுபடுத்தி வைக்கும் முறை கவனிக்கத்தக்கது. சகுனமும் கிரக நிலையும் அவர் தீர்மானங்களில் இடம்பெற்றது உண்மையே. அதனால் அவர் மதிப்பீடுகளைத் தள்ளிவிட வேண்டியதில்லை, ஏனெனில் கணக்கைத் தாமே வைத்திருந்து, 'ஆனந்தப்புரவி' என்னும் சொந்தக் கப்பலில் தம் பொருளையும் அனுப்பிய வணிகராதலால், தவறான மதிப்பீட்டின் நஷ்டத்தை அவர் தம் பெட்டியிலேயே காண வேண்டியிருந்தது.

1746இல் கனகராய முதலியார் காலமான பின் தலைமைத் துபாஷிப் பதவி பிள்ளைக்கு வாய்த்தது. அவருடைய எஜமானரான கவர்னர் துய்ப்ளே, 1741 முதல் மராத்தியரிடம் சிறைப்பட்டிருந்து 1748இல் விடுதலையான சந்தா சாகிபையும், ஐதராபாத்து சிம்மாசனத்தை நாடிய முசபர் ஜங்கையும் ஆதரித்து, 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருதீன் மடிந்ததும், கர்நாடகம் முழுவதும் தம் கைக்குள் வந்ததாகவே எண்ணினார். வில்லியனூர், பாகூர்க் கிராமங்கள் புதுச்சேரிக்குக் கிடைத்தன. பிள்ளைக்கு மன்சப்தார் பட்டமும் வந்தது. ஆயின், வென்றவரிடம் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. பணம் திரட்டத் தஞ்சையை முற்றுகையிட்ட சந்தா சாகிபுக்கு அரசர் பிரதாப சிங்கர் பெருந்தொகை தருவதாக ஒப்புக்கொண்டு, எண்ணுவதிலும் விலை மதிப்பதிலும் பேசுவதிலுமாகக் காலத்தைக் கடத்தி, ஐதராபாத்து நிஜாம் நாசிர் ஜங்கின் பெரும்படை தெற்கு நோக்கி வரும் செய்தி எட்டும்வரை நாட்களை நகர்த்திவிட்டார். கொடுக்க வல்லவன் கொடுக்க விரும்பாதபோது தவணை கேட்பதையே ஆயுதமாக்குவான் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி இல்லை.

துய்ப்ளே கும்பினிப் பணத்தோடு தம் சொந்தப் பணத்தையும் இந்த யுத்தங்களில் முன்பணமாக இட்டு, அதற்கு ஈடாகக் கர்நாடகத்து வரிவருவாயை எழுதி வாங்கியிருந்தார். 1750 டிசம்பரில் புதுச்சேரியில் கோலாகலமாகக் கொண்டாடப்பெற்ற முசபர் ஜங்கு 1751 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். சந்தா சாகிபு 1752 ஜூனில் தலை இழந்தார். ஒன்றரை ஆண்டுக்குள் பெரிய கடனாளிகள் இருவரும் மறைந்தபின் ஈடாகக் கிடைத்த பரகணாக்கள் எதிரியின் குதிரைகள் மேயும் நிலங்களாயின. 1754இல் திருப்பியழைக்கப்பட்ட துய்ப்ளே, தமக்கு வரவேண்டியதைக் கேட்டுக் கும்பினியோடு வழக்காடியே 1763இல் வறுமையில் இறந்தார். கடன் கொடுப்பவரும், கடன் வாங்கும் அரசனைச் சிம்மாசனத்தில் ஏற்றுபவரும், அவனுடைய நாணயத்திற்குச் சான்று கூறுபவரும் ஒருவராகவே இருந்ததுதான் அவர் செய்த பெரும்பிழையென்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். படைத்தலைவர்களின் குறைபாட்டையே காரணமாகச் சொல்லும் நூல்கள் இதைப் போதிய அளவு எடுத்துக் காட்டவில்லை.

அதே பிழை சென்னையில் இலாபமாக மாறிற்று. வெற்றி பெற்ற பக்கத்து நவாபான முகம்மது அலி வாலாஜாவுக்குப் பால் பென்பீல்டு முதலிய ஆங்கிலேய உத்தியோகஸ்தர்கள் கொடுத்த தனிக்கடன்கள் பெருகி, அக்கடன் கொடுத்தோரின் சூழ்ச்சியில் கவர்னர் பிகட்டு 1776இல் சிறைவைக்கப்பட்டு மறு ஆண்டு மாண்டார். எட்மண்டு பர்க்கு 1785 பிப்ரவரியில் இலண்டன் பாராளுமன்றத்தில் இதைக் கடிந்து பேசியதும், பின்னர் நியமிக்கப்பெற்ற கமிஷன் ஆண்டுக்கணக்கில் விசாரித்துக் கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானதையே மெய்க்கடன் என்று ஏற்றதும், இத்துறை மாணாக்கர் மறக்கலாகாதவை. கடனாளியின் நாணயத்தைப் போலவே கடன் கொடுத்தவரின் நாணயத்தையும் ஆராய வேண்டும் என்பது அதனால் நிலைபெற்றது.

1761 ஜனவரியில் நகரம் வீழ்ந்து இடிக்கப்பட்ட பிறகு, அரசர்களுக்குக் கடன் கொடுக்கும் வலிமை புதுச்சேரிக்கு மீளவில்லை. தொழில் ஐரோப்பாவிற்குச் சென்றது. ஆன்றி ழெர்மேன் 1863இல் லியோன் நகரில் நிறுவிய கிரெடி லியோனே வங்கி, 1871இல் நிதி ஆராய்ச்சிப் பகுதியொன்றை ஏற்படுத்தி, பல அரசாங்கங்களின் வரவு செலவுகளைத் திரட்டி, நூற்றாண்டின் இறுதியில் அவற்றைத் தரவாரியாக அடுக்கியும் வைத்தது. இத்தனை ஆராய்ச்சிக்குப் பின்னும் பிரெஞ்சுக் குடிகள் பெருவாரியாக வாங்கிய ருஷியக் கடன் பத்திரங்களைப் புரட்சி அரசாங்கம் 1918இல் செல்லாதெனத் தள்ளியது. விற்பனையில் கமிஷன் பெறும் நிறுவனமே ஆராய்ச்சியும் செய்தால் ஆராய்ச்சியின் குரல் தாழ்ந்தே ஒலிக்கும் போலும்! இந்தோசீன வங்கியின் கிளை 1877 முதல் புதுச்சேரியில் இயங்கி ரூபாய் நோட்டுகளையும் வெளியிட்டது. இங்கே அதன் வேலை வாணிகக் கடனும் காசு மாற்றுமே.

எனினும் ஒரு வகையில் இந்நகரத்துச் சாமானியர் அனைவரும் அரசுக்கடன் ஆராய்ச்சியாளராயிருந்தனர் எனலாம். பிரெஞ்சுப் படையில் ஊழியம் செய்து பென்ஷன் பெறும் சொல்தாக்களின் குடும்பங்களுக்குப் பிராங்கின் மதிப்பே அடுப்பெரிக்கும் விஷயமாதலால், பாரிசில் மந்திரிசபை கவிழ்ந்தால் அச்செய்தி இங்குள்ள திண்ணைகளில் ஆழ்ந்து விசாரிக்கப்பெற்றது. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியபோது, இந்நாட்டுப் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் பிரெஞ்சு நிர்வாகச் செயல்களால் விளைந்த உரிமைகளையும் கடமைகளையும் இந்திய அரசாங்கம் ஏற்பதாக ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆட்சி மாறினும் கடமை மாறாது என்ற இந்த உறுதி ஷேர்கான் லோடியின் காலத்தில் எவர்க்கும் கிடைத்ததன்று.

இத்துறை தனிப்பட்ட உத்தியோகமாக உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டில். ஜான் மூடி 1909இல் அமெரிக்க ரயில்வேக் கடன் பத்திரங்களுக்குத் தரக்குறியிடத் தொடங்கி, முதல் உலக யுத்தத்திற்குப் பின் அயல் அரசாங்கங்களின் பத்திரங்களுக்கும் அம்முறையை விரித்தார். 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கடன் கட்ட இயலாதென அறிவித்த பின்னர், பெரிய வங்கிகள் தேசவாரியாக ஆபத்தை ஆராயும் தனிப்பிரிவுகளை வலுப்படுத்தின. இந்தியாவில் ஏற்றுமதியாளர்க்குக் காப்புறுதி தரும் பொருட்டு 1957இல் அமைந்த நிறுவனமே இன்றைய ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம். அது நாடுகளை ஏழு வகுப்பாகப் பிரித்து வைத்திருப்பதால், ஆம்பூர்த் தோல் வணிகர் அயல்நாட்டுக்குச் சரக்கனுப்பும்போது அறிந்தோ அறியாமலோ இவ்வாராய்ச்சியின் பயனை அடைகிறார். 1991இல் அயல்நாட்டுத் தரக்குறியாளர்கள் இந்தியாவைத் தாழ்த்தி, அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதுமெனக் குறைந்தபோது, ரிசர்வ் வங்கியின் கவர்னராயிருந்த தமிழர் எஸ். வெங்கிடரமணன் காலத்தில் 47 டன் பொன் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடு வைக்கப்பெற்றது. இந்தியா கடன் தவணை தவறவில்லை. 2025 ஆகஸ்டில் அத்தகைய தரக்குறி நிறுவனங்களுள் ஒன்று இந்தியாவின் தரத்தை ஒரு படி உயர்த்தியது.

இலங்கையின் கதை வேறு. சுதந்திரம் பெற்றது முதல் ஒருமுறையும் தவறாத அந்நாட்டின் தரக்குறி 2020இல் தாழ்த்தப்பட்டபோது அந்நாட்டு அரசாங்கம் அதைக் கண்டித்தது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் அயல்கடனைக் கட்டுவதை நிறுத்தி வைப்பதாக அதுவே அறிவித்தது.

புதுச்சேரி அரசும் இன்று கடனாளியே. 2007 டிசம்பரில் தனிப் பொதுக்கணக்குப் பெற்றதிலிருந்து ரிசர்வ் வங்கியின் வழியாகச் சந்தையில் கடன் எடுக்கிறது. மாநிலமும் அன்றி முற்றிலும் மத்திய ஆட்சியும் அன்றி நிற்பதால் நிதிக்குழுவின் பங்கீட்டில் இடமில்லையென்ற குறை நெடுநாளையது. இப்படி நடுவில் நிற்கும் ஓர் அரசின் நாணயத்தை ஆராய்வது சுவையான பயிற்சி. இங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துப் பொருளாதார மாணாக்கர் தங்கள் ஊரிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

இத்தொழிலுக்குச் செல்ல விரும்புவோர் பொருளாதாரத்தில் முதுநிலைப் பட்டம், புள்ளியியல் பயிற்சி, அரசாங்கக் கணக்குகளைப் படிக்கும் பழக்கம் ஆகியவற்றைப் பெற வேண்டும். ரிசர்வ் வங்கி, ஏற்றுமதி இறக்குமதி வங்கி, தரக்குறி நிறுவனங்கள், மத்தியத் தேர்வாணையத்தின் வழி இந்தியப் பொருளாதாரப் பணி ஆகியவை நம் நாட்டிலுள்ள வாயில்கள். புதுச்சேரி இளைஞருக்கு இவற்றோடு இன்னொரு வாயிலும் உண்டு. டாக்காரைத் தலைமையிடமாகக் கொண்ட மேற்காப்பிரிக்க மத்திய வங்கியின் அறிக்கைகள் பிரெஞ்சில் வெளியாகின்றன. முன்னைய அரசாங்கம் காட்டிய கணக்கினும் உண்மைக் கடன் மிகுதியென 2025 பிப்ரவரியில் செனகல் நாட்டுத் தணிக்கை மன்றம் வெளியிட்ட அறிக்கையும் பிரெஞ்சிலேயே இருந்தது. அவற்றை மூலத்திலேயே படிக்க வல்லவர் இந்தியாவில் மிகச் சிலர். பிரெஞ்சு லிசேப் பள்ளியிலும் அலியான்சு பிரான்சேசிலும் பிரெஞ்சு கற்கும் நம் பிள்ளைகள், மொழிபெயர்ப்பு வேலையோடும் சுற்றுலா வழிகாட்டும் வேலையோடும் நின்றுவிடாமல், இத்துறையையும் எட்டிப் பார்த்தல் வேண்டும்.