நாய், பூனை இருந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காதா? சட்டம் என்ன சொல்கிறது? ஓனரிடம் என்ன பேசணும்?

வீடு பிடிச்சிருக்கு, வாடகையும் கட்டுப்படியாகுது. அட்வான்ஸ் கொடுக்கப்போகும் நேரத்தில் "எங்க வீட்ல ஒரு நாய் இருக்கு சார்" என்றதும் ஹவுஸ் ஓனரின் முகம் மாறுகிறது. சென்னையில் செல்லப்பிராணியோடு வீடு தேடும் பலருக்கு இது பழகிப்போன காட்சி. "அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க" என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். அது சரியா?

அசோசியேஷன் தடை போட முடியுமா?

முடியாது என்கிறது இந்திய விலங்குகள் நல வாரியம். 2015-ல் அது வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள முக்கிய அம்சங்கள்:

• பெரும்பான்மை உறுப்பினர்கள் சேர்ந்து தீர்மானம் போட்டாலும், குடியிருப்பில் செல்லப்பிராணி வளர்க்கத் தடை விதிக்க முடியாது.

• குரைக்கிறது என்பதையே காரணமாகக் காட்டி நாயை வெளியேற்றச் சொல்லக் கூடாது.

• நாயை லிஃப்டில் கூட்டிச்செல்லத் தடை போடவோ, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவோ கூடாது.

குடியிருப்போர் சங்க விதிகளில் செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிப்பது சட்டவிரோதம் என்று கேரள உயர்நீதிமன்றமும் 2021-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றாலும், இங்கே வழக்கு வந்தால் எடுத்துக்காட்டலாம்.

அப்போ ஓனரும் மறுக்க முடியாதா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். மேலே சொன்னவை சங்கங்களுக்கானவை. தன் சொந்த வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது ஓனரின் முடிவு. நாய் வைத்திருப்பவருக்கு வீடு கொடுத்தே ஆகணும் என்று அவரைக் கட்டாயப்படுத்த இந்த வழிகாட்டுதல் உதவாது. அதனால் ஓனரிடம் சட்டம் பேசுவதைவிட, அவருடைய பயத்தைப் போக்குவதுதான் பலன் தரும். கதவில் கீறல், வாடை, பக்கத்து வீட்டுப் புகார், மாடிப்படியில் அசுத்தம் ஆகியவைதான் பெரும்பாலும் அந்தப் பயங்கள்.

ஓனரிடம் என்ன காட்டலாம்?

• வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டதற்கான புத்தகம். இந்த ஆண்டு ஊசி போட்ட தேதி அதில் இருக்கணும்.

• மாநகராட்சி லைசென்ஸ். சென்னையில் செல்லநாய், பூனைக்கு லைசென்ஸ் எடுப்பது கட்டாயம். தடுப்பூசிச் சான்றோடு மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

• இப்போது குடியிருக்கும் வீட்டு ஓனரின் போன் நம்பர், அவருடைய சம்மதத்தோடு. "இவங்க நாயால எந்தத் தொந்தரவும் இல்ல" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

வீட்டைப் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

புரோக்கரிடம் முதல் போனிலேயே நாய் இருப்பதைச் சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம். வயதான நாய் என்றால் தரைத்தளம் அல்லது லிஃப்ட் உள்ள வீடு நல்லது. பூனை என்றால் பால்கனி, ஜன்னல்களுக்கு வலை அடிக்க ஓனர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். ஓனர் அதே கட்டடத்தில் இருந்தால், நாயை ஒருமுறை நேரில் கூட்டிப்போய்க் காட்டுவதும் உதவும்.

மறைத்துக் குடிபோனால் என்ன ஆகும்?

"முதல்ல குடிபோயிடுவோம், அப்புறம் சமாளிக்கலாம்" என்று நினைப்பவர்களும் உண்டு. விஷயம் தெரிந்ததும் ஓனரோடு தகராறு வரும். வேறு வீடு கிடைக்காத நெருக்கடியில் சிலர் நாயைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. பசி, தாகத்தில் தவிக்கும்படி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அக்ரிமென்ட்டில் என்ன எழுதணும்?

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்வதும் கட்டாயம். அந்த ஒப்பந்தத்தில் இவற்றையும் சேருங்கள்:

• என்ன பிராணி, எத்தனை என்ற விவரத்தோடு ஓனரின் சம்மதம்.

• பிராணியால் ஏற்படும் சேதத்தை யார் சரிசெய்வது, பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பது என்ற தெளிவு.

• அட்வான்ஸ் தொகை. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது சட்டம். நாயைக் காரணம் காட்டி அதிகம் கேட்டால் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

குடிபோகும் நாளில் சுவர், கதவுகளை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது "இது உங்க நாய் கீறினது" என்ற சண்டை வராது.

திடீரென்று காலி பண்ணச் சொன்னால்?

தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தி வாடகைதாரரை விரட்ட ஓனருக்கு உரிமை இல்லை. வெளியேற்ற வேண்டுமானால், சட்டம் சொல்லும் காரணங்களோடு வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகணும். நெருக்கடி கொடுப்பது அசோசியேஷன் என்றால், விதியை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். விலங்குகள் நல வாரிய வழிகாட்டுதலின் நகலை இணைத்துப் பதில் கொடுங்கள்.

அதே நேரத்தில், பொது இடத்தில் கயிறு போட்டுக் கூட்டிச்செல்வதும், நாய் அசுத்தம் செய்தால் உடனே அள்ளிவிடுவதும் வளர்ப்பவரின் கடமை. இன்று ஒருவர் இதைச் சரியாகச் செய்தால், அதே கட்டடத்துக்கு நாளை நாயோடு வரும் அடுத்த குடும்பத்துக்கும் கதவு திறக்கும்.