பல்சுவை மேடை: வோட்வில் பிறந்ததும் மறைந்ததும்



பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, மாயவித்தை எனத் தொடர்பில்லாத பல நிகழ்ச்சிகளை ஒரே மேடையில் அடுத்தடுத்துப் படைப்பதை நாம் கலையிரவு என்கிறோம். அமெரிக்காவில் இதனையே ஒரு பெருந்தொழிலாக வளர்த்தெடுத்தனர். அதன் பெயர் வோட்வில். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்நாட்டு மக்களின் தலையாய பொழுதுபோக்காக விளங்கிய அம்மேடை, யாருக்கெல்லாம் வாசல் திறந்தது, யாருக்கு மூடியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லின் பிறப்பு

வோட்வில் ஒரு பிரெஞ்சுச் சொல். அதன் வேர் குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. பிரான்சின் நார்மண்டி வட்டாரத்தில் வீர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 15-ஆம் நூற்றாண்டில் வழங்கிய பாடல்களின் பெயரே மருவி இவ்வாறு ஆயிற்று என்பர் ஒரு சாரார். 'நகரத்தின் குரல்' எனப் பொருள்படும் தொடரிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். 18-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரச் சந்தைத் திடல்களில், மக்கள் நன்கறிந்த மெட்டுகளில் அங்கதப் பாடல்களை அமைத்து நடித்த நாடகங்களுக்கும் இப்பெயர் வழங்கிற்று. அமெரிக்கர்களோ பெயரை எடுத்துக்கொண்டு, பல்சுவை நிகழ்ச்சிக்கு அதனைச் சூட்டினர்.

குடும்பங்களுக்குத் திறந்த வாசல்

அதற்கு முன்னர் அமெரிக்காவின் பல்சுவை மேடைகள் பெரும்பாலும் மதுக்கூடங்களை ஒட்டியே நடைபெற்றன. ஆபாசப் பேச்சும் குடியும் மலிந்த அவ்விடங்களுக்குப் பெண்களும் சிறுவர்களும் செல்வதில்லை. டோனி பாஸ்டர் என்னும் மேடைக் கலைஞர் 1881-ஆம் ஆண்டு நியூயார்க்கின் 14-ஆவது தெருவில் ஓர் அரங்கைத் திறந்தார். அங்கு மதுவும் இல்லை, கொச்சைச் சொல்லும் இல்லை. பெண்களை வரவழைக்கப் பரிசுகளும் வழங்கினார். குடும்பங்கள் வந்தன, வருவாயும் பெருகியது.

பாஸ்டன் நகரில் பி. எஃப். கீத் 1885-ஆம் ஆண்டு மற்றொரு புதுமையைப் புகுத்தினார். காலை முதல் இரவு வரை நிகழ்ச்சி இடைவிடாது சுழன்றுகொண்டே இருந்தது. எந்நேரத்திலும் சீட்டு வாங்கி உள்ளே செல்லலாம். அவரும் அவருடைய கூட்டாளி ஆல்பியும் பல நகரங்களின் அரங்குகளை ஒரே நிருவாகத்தின்கீழ் இணைத்தனர்.

நிகழ்ச்சி நிரலுக்கும் ஓர் இலக்கணம் இருந்தது. மக்கள் இருக்கை தேடி அமரும் வேளையில் பேச்சில்லாத வித்தைகள் தொடக்கமாக அமையும். முதன்மைக் கலைஞர் இறுதிக்கு முந்திய இடத்தில் தோன்றுவார். மாயவித்தைக்காரர் ஊடினி, நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் முதலியோர் இம்மேடையில் பயின்று புகழ்பெற்றவர்களே.

மூடிய வாசல்

குடும்பங்களை வரவேற்ற அரங்குகள் பல, கறுப்பின மக்களை மேல்மாடத்தில் மட்டுமே அமரவிட்டன. பெர்ட் வில்லியம்ஸ் என்னும் மாபெரும் நகைச்சுவைக் கலைஞர் கறுப்பினத்தவர். எனினும் வெள்ளையர் வகுத்த கேலி மரபுக்கேற்பத் தம் முகத்தில் கரிபூசிக்கொண்டே அவர் மேடையேற வேண்டியிருந்தது. 1922-ஆம் ஆண்டு மறைந்த அவரைக் கண்டு நாடே சிரித்தது. ஆனால் அவருக்குரிய சமமதிப்பை அது தரவில்லை.

உள்ளே வந்த விருந்தாளி

1896-ஆம் ஆண்டு சூன் திங்களில், நியூயார்க்கில் கீத்தின் அரங்கில் லூமியர் சகோதரர்களின் அசையும் படம் காட்டப்பெற்றது. பல நிகழ்ச்சிகளுள் ஒன்றாகவே திரைப்படம் இம்மேடைக்குள் நுழைந்தது. பின்னர் மலிவான கட்டணத்தில் திரையரங்குகள் பெருகின. வோட்வில் அரங்குகளில் நடித்துவந்த சார்லி சாப்ளின் 1913-ஆம் ஆண்டு திரைக்கு மாறினார். வானொலி வீட்டுக்குள் புகுந்தது. 1927-க்குப் பின் படங்களும் பேசத் தொடங்கின. 1928-ஆம் ஆண்டு கீத்தின் அரங்குகள் ஆர்.கே.ஓ. திரைப்பட நிறுவனத்துள் அடங்கின. அப்பெயரின் நடுவெழுத்தில் மட்டுமே கீத் எஞ்சினார். வோட்வில் கலைஞர்களின் கனவு மேடையான நியூயார்க் பேலஸ் அரங்கும் 1932-இல் திரையரங்காயிற்று.

மேடை மறைந்தாலும் அதன் அமைப்பு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தொடர்ந்தது. மாணவர்களுக்குக் கலையிரவு அமைக்கும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றில் ஒன்றைக் கருத்திற்கொள்ளலாம். எவ்வளவு சிறந்த நிகழ்ச்சிகளைத் திரட்டினோம் என்பதோடு, மேடையிலும் அவையிலும் யாருக்கு இடமளித்தோம் என்பதையும் வரலாறு கேட்கும்.