பனைமடலும் சூப் பாட்டும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உடையார்கட்டைத் தாண்டிப் போற பஸ்ஸுகளில் 'கொலைவெறி' இப்பவும் கேட்கும். அந்தப் பாட்டு வந்தபோது பிறந்திராத பிள்ளையளுக்கும் அது மனப்பாடம்.

2011 நவம்பர் 16இல் சோனி மியூசிக் அதை யூடியூப்பில் வெளியிட்டது. இசையமைத்த அனிருத்துக்கு அப்ப வயசு 21, அதுதான் அவரின் முதல் படம். எழுதிப் பாடினவர் தனுஷ். ஐஸ்வர்யா இயக்கிய '3' 2012 மார்ச் 30இல்தான் திரைக்கு வந்தது; அதற்குள் பாட்டு உலகத்தைச் சுத்தி வந்திட்டுது. காதலில் தோத்த ஒருத்தன் அரைகுறை இங்கிலீசில் புலம்புறான், நாங்கள் ஆடுறம். ஜாவேத் அக்தர் இது என்ன பாட்டு என்று ட்விட்டரில் திட்டினார். எனக்கு அந்த இங்கிலீசில் ஒரு பிரச்சினையும் இல்லை. பாட்டின் உயிரே அதுதான்.

இடிக்கிற இடம் வேறை. பெட்டையின் தோல் வெள்ளையாம், மனசு கறுப்பாம். அவள் ஏன் வேண்டாம் என்றாள் என்று பாட்டில் ஒருத்தரும் கேக்கேல்லை.

இது 2011இல் தொடங்கின பழக்கம் இல்லை. சங்ககாலத்தில் மடலேறுதல் என்று ஒன்று இருந்தது. காதல் கைகூடாத ஆண் பனைமடலைக் குதிரையாக்கி, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, நடுத்தெருவில் வருவான். ஊர் கூடிச் சிரிக்கும், அவளின் பெயர் அடிபடும், பிறகு வீட்டுக்காரர் இறங்கித்தானே வரவேணும்? குறுந்தொகை 17ஆம் பாட்டில் இந்தக் காட்சி முழுசா இருக்கு. பெரும்பாலும் 'ஏறுவன்' என்று வெருட்டுறதோட சரி. பனையும் எருக்கலையும் எங்களுக்குப் புதுசில்லை என்பதால், வாசிக்கேக்க அவன் எங்கட ஒழுங்கையாலேயே வாற மாதிரிக் கிடந்தது. ஆனால் இது துயரம் மட்டுமில்லை, மிரட்டலும்தான்.

இடையில் கொஞ்சம் தணிந்தும் இருந்தது. 1953இல் 'தேவதாஸ்' தன்னைத்தான் குடித்து அழித்தான். 1980இல் டி. ராஜேந்தரின் 'ஒருதலை ராகம்' நாயகனும் தன் ராசியைத்தான் நொந்தான். பிறகு கோபம் அவளின் பக்கம் திரும்பிச்சு. 'கொலைவெறி' வந்து ஒன்பது நாளில் 'மயக்கம் என்ன' படம் வந்தது. அதில் தனுஷும் செல்வராகவனும் பாடின 'காதல் என் காதல்', அவளை அடிக்கச் சொல்லுற அளவுக்குப் போகுது. அதையும் நாங்கள் பகிடியாத்தான் எடுத்தம்.

பெண்கள் மடலேறக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. திருமங்கையாழ்வார் தன் இரண்டு திருமடல்களையும் பெண்குரலில்தான் பாடினார். பெரிய திருமடலில் அந்தப் பெண், 'தெற்கத்தியார் சொல்லுற அந்த விதியை நான் ஏற்கமாட்டன்' என்று நேராகவே சொல்லுவாள். அவள் ஏறத் துணிந்தது பெருமாளுக்காக. ஊர்ப் பெடியனை நினைத்து இப்படி ஒருத்தி பாடியிருந்தால் பாட்டை விட்டிருப்பாங்களோ தெரியாது.

'கொலைவெறி' வீடியோவை இன்னொருக்கா போட்டுப் பாருங்கோ. ஸ்டூடியோவுக்குள் ஐஸ்வர்யாவும் சுருதி ஹாசனும் இருக்கினம். தனுஷ் பாடுறார். அவையள் சிரிச்சுக்கொண்டு கேக்கினம்.