புதிய பொறியும் பழைய கோப்பும்

பனையோலையில் நூல் எழுதிவந்த காலத்தில் ஓர் ஏட்டின் ஆயுள் சில நூற்றாண்டுகளுக்கு மேற் செல்வது அரிது. செல்லரிப்பும் ஈரமும் அதனைச் சிதைத்தன. ஆகவே, ஏடு பழுதாகுமுன் அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதி வைப்பது நம் முன்னோர் கைக்கொண்ட வழக்கமாயிற்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901) தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் தேடிப் பதிப்பித்தபோது, அவர் கைக்கு எட்டியவை இவ்வாறு வழிவழியாகப் பெயர்த்தெழுதப்பட்ட ஏடுகளே. பெயர்த்தெழுதுவாரின்றிக் கிடந்தவை மண்ணாயின.

கணினியில் எழுதிய எழுத்துக்கு இத்தகைய அழிவு இல்லையென்று பலர் எண்ணுகின்றனர். தமிழ் எழுத்துக் கணினியிற் புகுந்து சில பத்தாண்டுகளே ஆயின. அக்குறுகிய காலத்துள் நாம் எழுதியவற்றுள் ஒரு பகுதி இன்று நம்மாலேயே வாசிக்க முடியாததாகிவிட்டது. இதன் காரணத்தை அறிவதற்கு முதலில் பணிசெயல் முறைமை என்பதனை அறிதல் வேண்டும்.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புகளையும் நாம் ஏவும் மென்பொருள்களையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளாகும். இதனை இயங்குதளம் எனவும் வழங்குவர். விசையை அழுத்தியவுடன் திரையில் எழுத்துத் தோன்றுவதும், கோப்பு உரிய இடத்திற் சேமிக்கப்படுவதும், அச்சுப்பொறி இயங்குவதும் இதன் ஆணையாலேயே நிகழ்கின்றன. இதனை ஆக்கியோர் காலந்தோறும் குறைகளைத் திருத்தியும் புதுவன சேர்த்தும் அனுப்புவதையே இற்றைப்படுத்தல் என்கின்றோம். வீட்டின் அத்திவாரத்தை மாற்றும்போது சுவரிலும் கதவிலும் அதன் விளைவு தெரிவது இயல்பு. நமது மொழியில் அவ்விளைவு எழுத்திலேயே தெரிந்தது.

தமிழை இயந்திரத்திற் பொருத்தும் முயற்சி கணினிக்கு முந்தியது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா நாட்டில் வாழ்ந்த இரா. முத்தையா அவர்கள் தமிழுக்குரிய தட்டச்சுப் பொறியை வகுத்து, ஜேர்மனியில் அதனை ஆக்குவித்தார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் சில பத்து விசைகளுள் அடக்கிய அவ்வருமை பெரிது. அப்பொறியின் எழுத்துத் தாளில் நேரே பதிந்தது. பொறி பழுதானாலும் தாள் வாசிக்கக்கூடியதாயிருந்தது.

கணினியோ எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கத்தையே சேமிக்கின்றது. தொடக்கத்தில் அவ்விலக்கங்கள் ஆங்கில எழுத்துகளுக்கே சிறப்பாக வகுக்கப்பட்டிருந்தன. எனவே ஆங்கில எழுத்துக்குரிய இலக்கத்தின்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து எழுத்துருக்களை அமைத்தனர். இலங்கையிற் பெரிதும் பரவிய 'பாமினி' எழுத்துரு இவ்வகையினது. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால், எம், கே என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மீண்டும் கே, எச் என்பனவுமே கோப்பிற் சேமிக்கப்படும். பாமினி உள்ள கணினியில் அன்னை தோன்றுவாள். அஃதில்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துவரிசையே தோன்றும்.

இவ்வாறு எழுத்துரு ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஒழுங்கைக் கொண்டமையால் பெருங்குழப்பம் விளைந்தது. அதனை நீக்கப் புலம்பெயர்ந்த தமிழர் இணையவழிக் கலந்து பேசி 'தகுதரம்' என்னும் குறிமுறையை வகுத்தனர். 1999 பெப்ரவரியிற் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெற் 99 மாநாடு தாம், தாப் என்னும் குறிமுறைகளையும் ஒரு விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. எனினும் நிலைத்த தீர்வு வேறிடத்திலிருந்து வந்தது. உலகமொழிகளின் எழுத்துகள் யாவற்றிற்கும் வெவ்வேறு இலக்கம் வழங்கும் யுனிகோட் குறிமுறை 1991 இல் வெளியானபோதே தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அகரத்திற்கு எந்நாட்டிலும் எந்தக் கணினியிலும் ஒரே இலக்கம் என்பது அதன் விதி.

இலக்கம் கிடைத்தபின்னரும் பணிசெயல் முறைமை அதனை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? மைக்கிரோசொவ்ற் நிறுவனத்தின் விண்டோஸ் 2000 லதா என்னும் எழுத்துருவுடன் தமிழ் யுனிகோட்டை ஏற்றது. அடுத்து வந்த எக்ஸ்பி பதிப்பில், சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய பகுதியைத் தனியே நிறுவினாலன்றித் தமிழ் செவ்வனே தோன்றாது. நிறுவாத கணினியில் கொம்பு ஓரிடத்திலும் மெய் ஓரிடத்திலுமாக எழுத்துகள் சிதறி நின்றன. 2008 இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்க் கணினி நியமத்தை வெளியிட்டது. ஆயினும் விரல் பழகிய பாமினியை விடுதற்கு அலுவலகங்களும் அச்சகங்களும் பாடசாலைகளும் எளிதில் இசையவில்லை.

2015 இல் விண்டோஸ் 10 வந்தது. அதில் நிர்மலா என்னும் எழுத்துரு இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாயிற்று. லதா விருப்பத்தின்பேரிற் சேர்க்கப்படும் துணைப்பகுதிக்குத் தள்ளப்பட்டது. பழைய பதிப்பிலிருந்து மாறியோர் லதாவைக் காணாது மயங்கினர். ஆயினும் வேறுபாட்டைக் கவனியுங்கள். லதாவில் எழுதிய கோப்பு யுனிகோட்டில் இருந்தமையால், எழுத்துரு மறைந்தபோதும் வேறோர் எழுத்துரு அதனை ஏந்திக்கொண்டது; வரி சற்று நீண்டது, பக்கம் சற்றுக் குலைந்தது, சொல் அழியவில்லை. பாமினியில் எழுதிய கோப்புக்கோ எழுத்துரு போனால் சொல்லே போயிற்று.

1978 இல் தமிழ்நாட்டரசு ணை, லை முதலிய எழுத்துகளைச் சீர்திருத்தியபோது பழைய வடிவிற் பயின்றோர் புதிய வடிவையும் வாசித்தனர். மனிதக் கண் இரண்டையும் ஒன்றென உணரும், கணினி உணராது. 2005 இல் யுனிகோட்டின் 4.1 ஆம் பதிப்பு ஶகரத்தைச் சேர்த்தபின், 'ஸ்ரீ' என்பதனை இருவகை இலக்கங்களால் எழுதும் நிலை தோன்றிற்று. திரையில் இரண்டும் ஒரே தோற்றம் உடையன. ஆயினும் ஸ்ரீ என்று தொடங்கும் ஒரு மாணவன் பெயரை ஒருவகையில் எழுதி மற்றொருவகையில் தேடினால், அப்பெயர் இல்லையென்றே கணினி விடையிறுக்கக் கூடும்.

எழுத்தையன்றிக் கோப்பையே இழந்த நிகழ்ச்சியும் உண்டு. 2018 ஒக்டோபர் 2 ஆம் நாள் வெளியான விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல் ஒன்று சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. நான்கு நாட்களில் நிறுவனம் விநியோகத்தை நிறுத்தியது. பிழையைத் திருத்தி நவம்பர் 13 ஆம் நாள் மீண்டும் வெளியிட்டது.

அங்ஙனமாயின் இற்றைப்படுத்தலையே தவிர்த்தல் தகுமோ எனின், தகாது. 2017 மே 12 ஆம் நாள் 'வன்னாகிறை' என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் தாக்குண்டன. பிரித்தானிய வைத்தியசாலைகளிற் சிகிச்சைகள் தடைப்பட்டன. அதன் வழியை அடைக்கும் திருத்தம் மார்ச்சு மாதத்திலேயே வெளியாகியிருந்தது. அதனை ஏற்காதிருந்த கணினிகளே பெரும்பாலும் பலியாயின.

இவ்வரலாறு வன்னி மக்களுக்குத் தனிப்பொருள் உடையது. இரணைமடு நீரை நம்பி வாழும் உருத்திரபுரம் முதலிய ஊர்களின் மக்கள் 2008–2009 ஆண்டுகளில் இடம்பெயர்ந்தபோது, பாடசாலைச் சேர்விடாப்புகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் பலவிடங்களில் அழிந்தன. மீள்குடியேற்றத்தின் பின், பெற்றோர் சொல்லையும் எஞ்சிய பத்திரங்களையும் கொண்டு பெயர்களும் பிறந்த நாட்களும் மீண்டும் திரட்டப்பட்டன. அவ்வாறு திரட்டியவற்றைப் பாமினியில் எழுதி ஒரே கணினியில் வைத்திருக்கும் பாடசாலை ஒன்று, தாளில் ஒருமுறை இழந்ததைக் கணினியில் மறுமுறை இழக்கும் நிலையில் நிற்கின்றது. விண்டோஸ் 10 க்குரிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11 ஐ ஏற்கும் தகைமை அற்றவை. ஆகவே புதிய கணினிக்கோ லினக்ஸ் போன்ற வேறு முறைமைக்கோ மாறவேண்டிய காலம் பலருக்கு வந்துவிட்டது.

மாறுமுன் செய்யத்தக்கன சில. முதலாவது, கோப்புகளை இரண்டு இடங்களிற் படியெடுத்து, ஒன்றைக் கணினியோடு இணையாது வேறிடத்தில் வைத்தல். இரண்டாவது, பாமினி உள்ள பழைய கணினி இயங்கும்போதே கோப்புகளை யுனிகோட்டிற்கு மாற்றுதல். மாற்றும் மென்பொருள்கள் உள. எனினும் கோப்பிடையே கலந்துள்ள ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழெனக் கருதிச் சிதைத்துவிடும். ஆதலால் மூலத்தோடு ஒப்புநோக்குதல் கட்டாயம். மூன்றாவது, சேர்விடாப்புப் போன்றவற்றைத் தாளிலும் அச்சிட்டு வைத்தல். நான்காவது, பரீட்சை விண்ணப்பம் அனுப்பும் நாளில் பெரும் இற்றைப்படுத்தலைத் தொடங்காது, ஓய்வான நாளொன்றில் ஒரு கணினியிற் செய்து பார்த்துப் பின் ஏனையவற்றிற் செய்தல்.

காலம் மாறும்போது பழையன நீங்கிப் புதியன வருதல் குற்றமாகாது என்று நன்னூலார் மொழிக்கு விதி கூறினார். பொறிக்கும் அவ்விதி பொருந்தும். பொறியை ஆக்குவோர் அதனை மாற்றிக்கொண்டே இருப்பர். பெயர்த்தெழுதும் கடமை எழுதியவருடையது. 2010 இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை ஒன்று இன்று வளர்ந்து, விடுகைப் பத்திரம் கேட்டு வாயிலில் வந்து நிற்கும். அதன் பெயரும் பிறந்த நாளும் வாசிக்கக்கூடியனவாய் இருத்தல் வேண்டும். பிறவெல்லாம் அதற்குத் துணையே.