மருது காலத்துக் கைத்துப்பாக்கி

வீரசோழனில் வெளியூர்க்காரன் ஒருவன் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஆடு வாங்க வந்தவன் என்றுதான் ஊரார் நினைத்துக் கொள்வார்கள். அந்த ஊர்ச் சந்தைக்கு அப்படி ஒரு பெயர். நான் போனதோ ஒரு துப்பாக்கியைப் பார்க்க.

என்னை அழைத்தவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். 1801-ஆம் வருஷத்துப் போரைப் பின்னணியாக வைத்து நான் ஒரு நாவல் எழுத முயன்று கொண்டிருப்பதை எப்படியோ அறிந்து கடிதம் போட்டிருந்தார். சின்ன மருது கையாண்ட கைத்துப்பாக்கி தம்மிடம் இருக்கிறது என்றும், நான் வந்து பார்த்து நாலு வரி எழுதிக் கொடுத்தால் அதைப் பள்ளிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்றும் எழுதியிருந்தார். திருச்சுழியைத் தாண்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேல மரங்களும் காய்ந்த கண்மாய்களுமாகக் கிடந்த வழியெல்லாம், அந்த நாலு வரியை மனத்துக்குள் எழுதிக் கொண்டே போனேன். எழுத்தாளனுக்கு ஆசை யாரை விடவும் அதிகம் அல்லவா?

ஆசிரியர் அதைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார். "அறுபதாயிரம் கேட்டான் தம்பி. பென்ஷன் பணத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நம்ம மண்ணின் பொருள் வெளியே போய்விடக் கூடாது பாருங்கள்" என்றார்.

பார்வைக்கு அழகாகவே இருந்தது. கட்டையில் எலும்புத் துண்டுகளைப் பதித்துப் பூவேலை செய்திருந்தார்கள். குழல் முழுவதும் ஒரே சீரான துரு. பக்கத் தகட்டில், முன்கால்களில் கிரீடம் ஏந்தி எழுந்து நிற்கும் சிங்கம். அதன் கீழே 1801.

சிங்கத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த வித்தையை நான் இலவசமாகக் கற்றுக் கொள்ளவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பல வருஷங்களுக்கு முன் மைசூர்ப் பக்கம் போனபோது, ஒரு கடையில் 'திப்பு சுல்தானின் பிஸ்டல்' ஒன்றை வாங்கி, வீடு வந்து சேர்ந்த பிறகே அது போலி என்று தெரிந்து கொண்டேன். அந்த அவமானத்தில்தான் உண்மையான திப்பு துப்பாக்கிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் ஆயுதச் சாலையில் செய்த கைத்துப்பாக்கிகளில் சில ஜோடிகள் விசித்திரமானவை. ஒன்றுக்கு வலப் பக்கமும் மற்றொன்றுக்கு இடப் பக்கமும் விசைப் பொறி இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல் ஒன்றையொன்று நோக்கும். குழலில் புலிவரி ஓடும். வருஷம் ஹிஜ்ரியில் இராது. திப்பு தானே ஏற்படுத்திய மௌலூதிக் கணக்கில் இருக்கும். என்னுடையதில் அழகான ஆங்கில எண்களில் 1799 என்று இருந்தது! ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டதே அந்த வருஷம் மே 4-ந் தேதிதான். கோட்டையில் கொள்ளை போன பொருள்கள் சீமைக்குக் கப்பலேறின. அவற்றில் ஒரு வாள் 2023-ல் லண்டனில் 'பான்ஹாம்ஸ்' ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்குப் போயிற்று. விலை அப்படி ஏறும்போது போலி பிறக்காமல் என்ன செய்யும்?

வீரசோழன் சிங்கத்துக்கு வருகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளில் ஆதியில் பொறித்தது சிங்கத்தை அல்ல. இதய வடிவத்துக்குள் கம்பெனியின் எழுத்துக்கள், மேலே நாலு என்ற எண் போல் ஒரு குறி. சரக்கு மூட்டைகளில் போட்ட அதே முத்திரை. கிரீடம் ஏந்திய சிங்கம் ஏறக்குறைய 1808-ல்தான் வந்தது. சின்ன மருதுவைத் தூக்கிலிட்டதோ 1801 அக்டோபர் 24-ல், திருப்பத்தூரில். தூக்கில் தொங்கி ஏழு வருஷம் கழித்தா அவர் கம்பெனித் துப்பாக்கியைப் பறித்திருப்பார்?

பெரியவரிடம் உடனே இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "ஒரு குச்சி கிடைக்குமா, ஐயா?" என்று கேட்டேன். பழைய துப்பாக்கியைக் கையில் எடுப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இது. குழலுக்குள் குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, வெளியே வைத்து ஒப்பிட வேண்டும். குச்சி பாதியில் நின்றால், தாத்தா காலத்து மருந்தும் குண்டும் இன்னும் உள்ளேயே இருக்கலாம். நூறு வருஷம் கழித்தும் அது வெடிக்கக் கூடியது. இதில் ஒன்றும் இல்லை. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால், குழலின் உட்புறம் நெடுகிலும் நேர்கோடாக ஒரு பற்றுத் தழும்பு. தண்ணீர்க் குழாய்!

அப்புறம் சக்கிமுக்கிப் பொறி. இதன் வேலை எளிது. குதிரையின் வாயில் கவ்விய கல் பாய்ந்து வந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டில் உரசும். பொறி பறந்து கிண்ணியிலுள்ள ரஞ்சகத்தில் விழும். தீ ஒரு சிறு துளை வழியாகக் குழலுக்குள் போய் மருந்தைப் பற்ற வைக்கும். ஆகவே அந்தத் தகடு கடினமான எஃகாக இருந்தே தீர வேண்டும். நல்ல தகட்டில் அரத்தை வைத்தால் வழுக்கிக் கொண்டு போகும். இங்கே அரம் வெண்ணெயில் போவது போல் போயிற்று. போகட்டும் என்று கிண்ணியைத் துடைத்துப் பார்த்தேன். துளையே இல்லை. எந்த நாளிலும் சுட்டிருக்க முடியாத துப்பாக்கி!

துருவும் ஆளைக் காட்டிக் கொடுக்கும். நிஜமான பழைய ஆயுதத்தில் கை பட்ட இடம் வழவழப்பாகவும், கட்டைக்கும் இரும்புக்கும் நடுவிலுள்ள இடுக்கு கருத்தும், துளையருகே தீ தின்று குழிந்தும் இருக்கும். அமிலத்தில் முக்கி எடுத்ததற்குச் சர்வாங்கமும் ஒரே துரு. திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றைப் போலவே மற்றொன்று. கையால் மரை வெட்டிய காலத்தில் அப்படி அமைவதில்லை. திரி வைத்துச் சுடும் நாட்டுக் கைத்துப்பாக்கி என்று யாராவது கொண்டு வந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். புகையும் திரியோடு துப்பாக்கியை இடுப்பில் செருகிக் கொள்ள எவனும் துணியமாட்டான். அதனால் நம் நாட்டில் அப்படிப்பட்டவை மிக மிக அபூர்வம்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நிஜமானதெல்லாம் எங்கே தம்பி போயிற்று?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்தச் சீமையில் ஆயுதத்துக்கா பஞ்சம்? 1799 ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் தலைமையில் முதுகுளத்தூர்க் கச்சேரியைத் தாக்கிக் கம்பெனியின் ஆயுதங்களை அள்ளிக் கொண்டு போனார்களே. அபிராமத்திலும் கமுதியிலும் துணிக் கிடங்குகள் சூறை போயினவே. வீரசோழனிலிருந்து அந்த அபிராமம் எட்டிப் போகிற தூரந்தான். கம்பெனித் துப்பாக்கி இந்தப் பக்கத்து வீடுகளில் இருந்திருக்க எல்லா நியாயமும் உண்டு. அவை ஏன் இல்லை என்பதற்குப் பதில் 1801 டிசம்பர் 1-ல் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனத்தில் இருக்கிறது. மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்கில் மாண்ட பிறகு, பாளையச் சீமையில் இனி அனுமதியின்றி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. துப்பாக்கி, வேல், ஈட்டி எல்லாம் போயின. எஞ்சியிருந்தவற்றுக்கு 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்து லைசென்ஸ் கேட்டது. பயந்த குடும்பங்கள் கிணற்றில் போட்டிருக்கலாம். கொல்லன் உலையில் கொடுத்துக் கடப்பாரையாக அடித்திருக்கலாம்.

தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச் சாலையின் கதி இன்னும் பரிதாபம். 1855-ல் மராத்திய மன்னர் சிவாஜி வாரிசின்றி இறந்து ராஜ்யம் போனபின், 1863 வாக்கில் தேர்ந்தெடுத்த சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி இதைப் பற்றி 1878-ல் எழுதி வைத்திருக்கிறார். பிழைத்தவை எழும்பூரில் இருக்கின்றன. அவற்றோடு யானைத் தந்தத்தில் செய்த வளரியும் போய்ச் சேர்ந்தது. சின்ன மருது கையாண்ட ஆயுதம் எது என்றால், பிஸ்டலை அல்ல, அந்த வளரியைத்தான் சாட்சி சொல்கிறது. வேல் எறியவும் வளரி வீசவும் தனக்கு அவர் கற்றுக் கொடுத்ததாகக் கர்னல் வெல்ஷ், லண்டனில் 1830-ல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். பிற்பாடு அதே வெல்ஷ் அவரை எதிர்த்துப் படையில் வந்தவர்.

"அவன் மீது போலீசில் சொல்லலாமா?" என்றார் பெரியவர். சொல்லலாம், ஆனால் விற்றவன் முகவரி அவரிடம் இல்லை. வாங்குவதற்கு முன் தகட்டின் படம் ஒன்றை எழும்பூருக்கு அனுப்பியிருக்கலாமே என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. மைசூர் நினைவு வந்து அடக்கிக் கொண்டேன்.

நாலு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. துப்பாக்கி பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறதாம், கண்ணாடிப் பெட்டியில்லாமல், மேஜை மேல். பக்கத்தில் ஓர் அரமும் ஒரு குச்சியும். அதில் என்னென்ன பொய் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் அன்று சொன்னவை ஆறு. பிள்ளைகள் எட்டு வரைக்கும் வந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்.