பிள்ளைக்காம்பரா வகுப்பு

உடப்புசல்லாவைக்கு ரயில் வந்ததே இல்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ஓடிய சின்ன ரயிலின் பாதைக்கு உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர் மட்டும் வைத்தார்கள். 1900களின் தொடக்கத்தில் போட்ட அந்தப் பாதை இராகலையோடு நின்றுவிட்டது. 1940களில் அதையும் மூடிவிட்டார்கள். இப்படிப் பேர் வந்து ஆள் வராமல் போனவை எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. நான் படித்த படிப்பும் அதில் ஒன்று.

தமிழில் அதைத் தொழில்வழிச் சிகிச்சை என்கிறோம். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அது ஓ.டி.தான். தேயிலைத் தோட்டத்தில் ஓ.டி. என்றால் மேலதிக நேர வேலை. முதல் தடவை என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, தொழிலாளர் வாழும் ஒரு லயத்துப் பக்கம் இறங்கி, "ஓ.டி. படிக்கிற பிள்ளைகள்" என்று அறிமுகம் செய்தபோது, இஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "அதுக்குமா இப்ப படிப்பு வச்சிருக்காங்க?"

பிள்ளைக்கு என்ன தொழில் என்று அடுத்த கேள்வி வரும். சாப்பிடுவது, உடுப்பது, விளையாடுவது, பென்சில் பிடிப்பது, எல்லாமே அதன் தொழில்தான் என்று சொல்லுவோம். எங்கள் மலையில் ஒரு காலத்தில் இந்த விளக்கமே தேவைப்பட்டிருக்காது. பிள்ளையின் தொழிலுக்கு அப்போது சட்டப்படியே விலை இருந்தது. 1927-ல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், 1929-ல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்சம்பளம் நிர்ணயித்தார்கள்: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. என் அம்மாயி பத்து வயதில் புல்லுப் பிடுங்கப் போனவர். விரல் மெலிசாக இருந்ததால் வேரோடு வருமாம், கங்காணி மெச்சுவாராம். பிள்ளையின் கையைப் பார்த்து, அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று கணக்குப் போட்ட முதல் ஆள் எங்கள் ஊரில் கங்காணிதான். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைக்காம்பரா. 1960களில் என்னை விட்டிருந்த காம்பராவில் கூரை மரத்தில் பழைய சேலைகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. கொழுந்தெடுக்கத் தெம்பில்லாத கிழவி ஒருவர்தான் ஆயாம்மா. நாலைந்து தொட்டிலை ஒரே கயிற்றில் முடிந்து, அந்தக் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே கீரை ஆய்வார். பிள்ளைக்காரிகள் பால் கொடுக்க வரும்போது இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் குந்துவார்கள். கொழுந்து வாசமும் பால் வாசமும் ஈரச் சாக்கு வாசமும் கலந்த அந்த அறை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

கொழும்பில் படிக்கும்போது இந்தத் தொட்டிலை நினைத்துக் கோபம் வந்தது. நாள் முழுக்கச் சேலைக்குள் சுருண்டு கிடக்கும் பிள்ளை எப்போது குப்புற விழும், எப்போது தலை தூக்கும், எப்போது தவழும்? சீமெந்துத் தரை வேறு ஐஸ்கட்டி. பிறகு ஜீன் ஆயர்ஸைப் படித்தேன். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வேலை செய்த இந்த ஓ.டி.க்காரர், புலன்களை மூளை எப்படிச் சேர்த்துக் கோக்கிறது என்று 1972-ல் புத்தகமே எழுதியவர். அவர் வழியில் வேலை செய்கிறவர்களின் அறைகளில் கூரையிலிருந்து வலைத்தொட்டில் தொங்கும். அமைதியில்லாத பிள்ளையை அதில் இட்டு ஆட்டுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயாம்மாவிடம் தொட்டில் இருந்தது, இறக்கிவிட ஒரு பாயும் நேரமும்தான் இல்லை. நாற்பது பிள்ளைக்கு ஒரு கிழவி என்றால் யார்தான் இறக்கிவிடுவார்?

1972-லும் 1975-லும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992-ல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. நலன்புரி வேலைகளுக்கென்று ஒரு நிதியமும் அமைந்தது. பெயர் மாறி இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். காம்பரா 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' ஆயிற்று. ஆயாம்மாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வந்தார். தராசு வந்தது, வளர்ச்சி அட்டை வந்தது, திரிபோஷா சத்துமா வந்தது. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தராசு நிறையைச் சொல்லும். ஒரு பிள்ளை வலது கையை ஏன் எப்போதும் பொத்தியே வைத்திருக்கிறது என்று அது சொல்லாது. பெயர்ப்பலகையில் என்ன எழுதினாலும் சனங்களுக்கு அது இன்றைக்கும் பிள்ளைக்காம்பராதான், உத்தியோகத்தரும் ஆயாம்மாதான்.

என் தொழிலின் கதை வேறெங்கோ தொடங்குகிறது. 1917-ல் அமெரிக்காவில் ஒரு சிலர் கூடி இதற்கென்று சங்கம் வைத்தார்கள். முதலாம் உலகப்போரில் அடிபட்ட சிப்பாய்களுக்குக் கூடை முடையவும் நெசவு நெய்யவும் கற்றுக்கொடுத்து இந்த வேலை வளர்ந்தது. நம் பக்கத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரைக் கட்டி இந்தியராகவே வாழ்ந்தவர். 1950-ல் பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இந்தியாவிலேயே முந்தியது. 1952-ல் இந்தத் தொழிலுக்கென்று உலகச் சம்மேளனம் அமைந்தபோது சேர்ந்திருந்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எங்களுக்குக் கொழும்பில் அரசாங்கப் பயிற்சிப் பள்ளி இருந்தது. இப்போது ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், பட்டப்படிப்பும் நடக்கிறது.

மாணவர் ஒருவர் குறைந்தது ஆயிரம் மணித்தியாலம் களத்தில் நின்று பழக வேண்டும் என்பது அந்த உலகச் சம்மேளனத்தின் விதி. அந்த ஆயிரத்தில் ஒரு மணித்தியாலமாவது லயத்து வாசலில் கழிய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. என் ஆயிரமும் கீழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில்தான் கழிந்தது. மலையிலிருந்து வரும் தாய், விடியமுன் பஸ் ஏறி, அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்து வந்து நிற்பாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வீட்டில் பயிற்சி செய்யவில்லை என்று ஒரு தாயை எல்லார் முன்னாலும் ஏசினார்கள். அவளுக்காகப் பேச எனக்கு அப்போது வாய் வரவில்லை. அந்த வெட்கம்தான் பிறகு மாணவர்களை மேலே கூட்டி வர வைத்தது.

ஒரு தடவை நாலு வயதுப் பையன் ஒருவனை மாணவர் பரிசோதித்தார். கட்டைகளை அடுக்கினான், ஆணிகளைத் துளையில் செருகினான். பொத்தான் பலகையை மட்டும் தொடவே இல்லை. மாணவர் தாளில் 'விரல் திறன் பின்தங்கல்' என்று எழுதிவிட்டார். பக்கத்தில் சோறு பிசைந்துகொண்டிருந்த ஆயாம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி எழுதுறீங்க?"

"பொத்தான் போடத் தெரியல ஆயாம்மா."

"அவென்கிட்ட பொத்தான் வச்ச சட்டையே இல்லியே. இந்தக் குளிருக்கு எல்லாம் தலவழியா மாட்டுற சுவெட்டருதான். ரொட்டி மாவு உருட்டச் சொல்லிப் பாருங்க."

மாவு வந்தது. பையன் உள்ளங்கையில் வைத்து உருட்டி, தட்டி, விளிம்பை விரல் நுனியால் சுற்றிச் சுற்றி அமுக்கினான். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்தன, பெருவிரல் எதிர்விரலைச் சரியாகத் தேடிப் போனது. பொத்தான் பலகை கேட்ட அத்தனையும் அந்த ரொட்டியில் இருந்தது. மாணவர் எழுதியதை வெட்டினார்.

இன்னொரு நாள் சிங்கள மாணவி ஒருத்தி, கையில் ஆணியோடு இருந்த குட்டிப் பெண்ணிடம் அன்பாகக் கையை நீட்டி, "அத தென்ன" என்றாள். கையைக் கொடு என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்கோ 'அதத் தின்னு' என்று காதில் விழுந்திருக்கிறது. ஆணியைப் பட்டென்று வாயில் போட்டுவிட்டது! நல்ல வேளை, பெரிய மர ஆணி. அன்று பின்னேரமே அந்த மாணவி கொப்பியில் முப்பது தமிழ்ச் சொல் எழுதி வாங்கிக்கொண்டாள்.

உட்கார முடியாத பிள்ளைகளுக்கு மூலைக்கதிரை வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் தேயிலைப் பெட்டிகள் கிடைத்தன. பலகைப் பெட்டியின் இரண்டு பக்கத்தை மூலையோடு விட்டு, மற்றதை அறுத்து, தகர விளிம்பை அடித்து மடக்கி, கீழே ஒரு ஆசனம் வைத்தால் போதும்; முதுகு இரண்டு பக்கமும் அண்டிக்கொள்ளும், தோள் முன்னுக்கு வரும், கை விளையாட வரும். பெட்டி போய்க் கடதாசிச் சாக்கு வந்த பிறகு எங்கள் கதிரையும் போயிற்று. இப்போது மாணவர்கள் கடைகளில் காட்போட் பெட்டி கேட்டு வாங்கி, கோதுமை மாப் பசையில் தட்டுத் தட்டாக ஒட்டிச் செய்கிறார்கள். இந்த ஈரத்தில் காய ஒரு கிழமை எடுக்கும். அடுப்படியில் வைத்துக் காயப்போடச் சொல்லிக் கொடுத்ததும் ஆயாம்மாதான்.

நான் ஓய்வு பெறும் நாள் நெருங்கிவிட்டது. உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை இருந்தால், டாக்டர், நர்ஸ் என்று போடுகிற விண்ணப்பங்களோடு இந்தப் படிப்புக்கும் ஒன்று போடச் சொல்லுங்கள். ஓ.டி. என்றால் என்ன என்று கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்; முதல் பாடம் பிள்ளைக்காம்பராவில், பாயில் உட்கார்ந்துதான்.