பழைய ஒளிப்பலகையும் புதிய திரையும்

நாடகம் தொடங்குமுன் அரங்கில் இருள் சூழ்கின்றது. பின்னர் மேடைமீது மெல்ல ஒளி படர்கின்றது. அவ்வொளியை ஆளும் கருவிக்கு ஒளிப்பலகை என்று பெயர். மூப்படைந்த ஒளிப்பலகைகளுக்கு நம் காலத்தில் ஓர் இடர் நேர்ந்துள்ளது. அதன் வரலாற்றையும் பரிகாரத்தையும் இங்கு ஆராய்வோம்.

1881-ஆம் ஆண்டில் லண்டன் சவாய் அரங்கு ஏறத்தாழ 1,200 மின்விளக்குகளால் ஒளிபெற்றது. ஒரு பொதுக் கட்டடம் முழுவதும் மின்னொளி பெற்றது உலகில் அதுவே முதன்முறை என்பர். விளக்குகள் பெருகப் பெருக, அவற்றை ஆள்வது அரிதாயிற்று. 1935-இல் பிரெடெரிக் பெந்தம் என்னும் ஆங்கிலேயர், ஆர்கன் வாத்தியத்தின் கட்டைகளையே முன்மாதிரியாகக் கொண்டு ஓர் ஒளிப்பலகை சமைத்தார். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளிலோ, பியானோப் பெட்டியளவு பெருத்த பலகைகளின் கைப்பிடிகளைப் பலர் கூடி, கையாலும் முழங்கையாலும் நகர்த்தி வந்தனர். 1975-இல் ‘எ கோரஸ் லைன்’ என்னும் இசை நாடகத்திற்கு ஒளி அமைத்த தாரன் மஸ்ஸர் அம்மையார், நினைவாற்றல் கொண்ட கணிப்பொறிப் பலகையை அங்கே புகுத்தினார். மனிதர் கையில் இருந்த நினைவு, அன்றுமுதல் கருவிக்குள் குடியேறலாயிற்று.

நினைவு கருவிக்குள் சென்றபின், அதை எட்டிப் பார்க்க ஒரு சாளரம் வேண்டுமன்றோ? அச்சாளரமே காட்சித்திரை. எந்த விளக்கு எத்தனை விழுக்காடு எரிகின்றது, அடுத்த ஒளிமாற்றம் யாது என்பவற்றையெல்லாம் அது காட்டும். 1970, 1980-களின் பலகைகள் பலவற்றின் திரை, பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் இனத்தது. கண்ணாடிக் குழாயினுள் மின்கதிர் ஒன்று ஓடி, வினாடிக்கு ஏறத்தாழ 15,700 வரிகளை எழுதிப் படத்தைத் தீட்டும். 1987-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட விஜிஏ முறையிலோ வரிகளின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 31,500 ஆயிற்று. இன்றைய தட்டைத் திரைகளில் மிகுதியானவை அதற்குக் குறைந்த வேகத்தை ஏற்பதில்லை.

விளைவு யாது? பலகை பழுதின்றி இருக்கும். கண்ணாடிக் குழாய் மட்டும் ஒருநாள் அணைந்துவிடும். புதிய திரையை இணைத்தால் அது இருண்டே கிடக்கும். “கருவி செத்தது” என்று முடிவு கட்டி அதைக் குப்பைக்கு அனுப்பிவிடுவர். வேறு பலகை வாங்கப் பொருளில்லாத பள்ளி அரங்குக்கும் சிறு நாடகக் குழுவுக்கும் அஃது எளிய இழப்பன்று. பழைய பலகையின் பதிவை மற்றொரு பலகை படிக்க இயலாதாயின், பல இரவுகள் கண்விழித்து அமைத்த ஒளியமைப்பும் அதனுடன் மறைந்துபோம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. முதலில், பலகை தரும் குறிப்பு எவ்வகையினது, அதன் வரிவேகம் எவ்வளவு என்பதைக் கையேட்டிலிருந்து அறிதல் வேண்டும். பின்னர் பலகைக்கும் திரைக்கும் இடையே ‘ஸ்கேன் கன்வர்ட்டர்’ என்னும் மாற்றியை நிறுவுதல் வேண்டும். அது மெதுவாக வரும் வரிகளை வாங்கித் தன் நினைவில் வைத்து, புதிய திரைக்கு ஏற்ற வேகத்தில் திருப்பித் தரும். முனைகள் பொருந்துகின்றன என்பதற்காக மட்டும் எதையும் இணைத்தல் ஆகாது. சில பழைய பலகைகளின் நிறக்குறிப்பு 5 வோல்ட் வரை எழும்; விஜிஏ முறையில் அது 0.7 வோல்ட்டைத் தாண்டாது. இடையே தக்க மின்தடை இல்லையேல் புதிய கருவிக்குக் கேடு நேரலாம். பழைய குழாய்ப் பெட்டியைத் திறப்பதும் பேராபத்து. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அப்பணியை வல்லுநரிடமே விடுதல் நலம். கருவியினுள் நினைவைக் காக்கும் மின்கலம் இருப்பின், அது கசியுமுன் மாற்றுதலும், பதிவுகளை நெகிழ்தட்டில் மட்டும் வைத்திராமல் படியெடுத்துக் காத்தலும் இன்றியமையாதன.

விளக்குகளின் பக்கம் இத்தகைய மொழிச் சிக்கல் பெரிதும் தீர்ந்துவிட்டது. 1986-இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக் கழகம் டிஎம்எக்ஸ் 512 என்னும் பொதுமொழியை வகுத்தது. ஒரே கம்பிவடத்தில் 512 தடங்களுக்குக் கட்டளை அனுப்பும் அம்மொழியைப் பேசும் பழைய பலகை, இன்றைய விளக்கையும் ஆளவல்லது. ஆகவே, அதற்குக் குறைவது முகம் ஒன்றே.

பிறமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. ஊரிலிருந்து வந்த முதியவர் அண்டை வீட்டாரிடம் பேசமுடியாமல் நின்றால், அவரை அறிவிலி என்று நாம் சொல்வதில்லை. இருமொழியும் அறிந்த பேரனை அருகே நிறுத்துகின்றோம். அந்நாளில் துபாஷி செய்த தொண்டு அது. பழைய ஒளிப்பலகை கேட்பதும் அத்தகைய துபாஷி ஒருவனையே. அதனை நிறுத்திவைப்போமாயின், அது காத்துவைத்த ஒளி மீண்டும் மேடைக்கு வரும்.